காலநிலைச் சட்டம்: உப்பளத்து அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது?

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை பார்க்கும் பெண்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கையில் டார்ச் லைட், தூக்குவாளியில் கஞ்சி, தலையில் ஒரு துண்டு. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையையாவது முடித்துவிட வேண்டும். பாத்தியில் இறங்கி உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். பிறகு அதை அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஒன்பது மணி தாண்டிவிட்டால் மேலே சூரியன், கீழே வெள்ளை உப்பு, இரண்டு பக்கமும் அனல். கண் கூசும். பாதத்து வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறிக் காந்தும்.

இவ்வளவு வெயிலிலும் அந்தப் பெண்கள் தண்ணீரை அளவாகத்தான் குடிக்கிறார்கள். தாகம் இல்லாமல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அதனால் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வருகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேர் உடல் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது. அதே நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

நம் நாட்டில் இன்னும் வராத ‘தேசிய காலநிலைச் சட்டம்’ என்ற சொல்லைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த உப்பளத்து அக்காதான் நினைவுக்கு வருகிறார். பசுமை இல்ல வாயு, கார்பன் சந்தை, நிகர பூஜ்ஜியம் என்று என்னென்னவோ பேசுகிறார்கள். சரி, பேசட்டும், எல்லாமே தேவைதான். ஆனால் நாளை அந்தச் சட்டம் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யாரிடம் போய் எதைக் கேட்க முடியும்? இந்தக் கட்டுரையை அந்தக் கேள்வியோடு படியுங்கள். இந்த விஷயத்தை முதன்முதலாகப் படிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், எனவே அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு நாற்காலியின் கதை

முதலில் சட்டம் என்றால் என்ன, திட்டம் என்றால் என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் நாம் ஒன்றுபோலவே பேசிவிடுகிறோம்.

ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்கப் போயிருப்பீர்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கால் வீங்கும், நரம்பு சுருண்டுகொள்ளும். நல்ல முதலாளியாக இருந்தால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்திருப்பார். இல்லையென்றால் இல்லை. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்த்தது. வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. அதுவரை முதலாளியின் மனசைப் பொறுத்ததாக இருந்த நாற்காலி அன்றிலிருந்து தொழிலாளியின் உரிமை ஆகிவிட்டது. எல்லாக் கடையிலும் நாற்காலி வந்துவிட்டதா என்றால், வரவில்லைதான். ஆனால் வராத கடையைப் பற்றித் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க இப்போது ஓர் இடம் இருக்கிறது.

அரசு அறிவிக்கும் திட்டம் நல்லதாகவே இருக்கலாம். மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது, அது அந்த வீடுகளில் அடுப்பு எரிய உதவுகிறது. ஆனால் திட்டத்தை அடுத்த ஆண்டு நிறுத்திவிட்டால் ஏன் நிறுத்தினீர்கள் என்று நீதிமன்றத்தில் போய்க் கேட்பது கடினம். கொள்கை அறிக்கை இன்னும் ஒரு படி கீழே, அது அரசு தன் எண்ணத்தைச் சொல்வது மட்டும். சட்டம் என்று வந்துவிட்டால், செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருப்பார். கேட்பவருக்கு ஒரு வாசலும் இருக்கும்.

காலநிலைச் சட்டத்துக்குள் என்ன இருக்கும்?

இந்த வகைச் சட்டங்களுக்கெல்லாம் முன்மாதிரி பிரிட்டன் 2008இல் கொண்டுவந்த காலநிலை மாற்றச் சட்டம். அதன் கட்டமைப்பு எளிமையானது. 1990ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு 2050க்குள் பூமியைச் சூடேற்றும் வாயுக்களின் வெளியேற்றத்தை 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2019இல் அதையே நிகர பூஜ்ஜியம் என்று திருத்தினார்கள். அதாவது வெளியே விடும் வாயுவும், காடு, மண் போன்றவை திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் சமமாகிவிட வேண்டும். அவ்வளவு தூரத்து இலக்கை வைத்துவிட்டு எல்லோரும் மறந்துவிடக்கூடாது என்பதால் ஐந்தாண்டுக்கு ஒரு ‘கார்பன் பட்ஜெட்’. வீட்டுச் செலவுக்கு மாத பட்ஜெட் போடுவது மாதிரி, இந்த ஐந்தாண்டில் இவ்வளவுதான் புகைவிடலாம் என்று ஒரு வரம்பு. அரசு சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க ஒரு தனிக் குழு, அது நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க, அரசு பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு கணக்கு. எவ்வளவு புகை, எந்த ஆண்டுக்குள், யார் பொறுப்பு. ஒரு பணக்கார நாட்டுக்கு இது போதுமா என்பதே கேள்விதான், நம்மைப் போன்ற நாட்டுக்கு நிச்சயம் போதாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தியாவில் ஓர் ஆள் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகக் காரணமாகிறார். உலகச் சராசரி 4 டன்னுக்கும் மேல். நாம் குறைவாகப் புகைவிட்டு அதிகமாகச் சூடுபடுகிறோம். ஆகவே சர்வதேச மாநாடுகளில் இந்தியா 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கைக் காலத்திலிருந்து ஒரே வாதத்தை வைத்துவருகிறது: பிரச்சினை எல்லோருக்கும் பொது, ஆனால் பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை, அதிகம் புகைவிட்டவன் அதிகம் சுமக்க வேண்டும். முழுக்க நியாயமான வாதம். நான் கேட்பது, இதே வாதம் நாட்டுக்குள்ளும் செல்லுபடியாக வேண்டாமா என்பதுதான். ஏசி போட்ட வீடும் இரண்டு காரும் வைத்திருப்பவரும், உப்பளத்து அக்காவும் ஒரே 2 டன் சராசரிக்குள் அடக்கம். உலக மேடையில் நாம் கேட்கும் நீதியை உள்ளூரில் அவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

கானமயில் கொண்டுவந்த உரிமை

இந்தியாவில் காலநிலை மாற்றத்துக்கென்று தனியாக ஒரு தாய்ச்சட்டம் இல்லை. 2008இல் எட்டு இயக்கங்கள் (‘மிஷன்’) கொண்ட தேசிய செயல்திட்டம் வந்தது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070க்குள் நிகர பூஜ்ஜியம் அடைவோம் என்று பிரதமர் அறிவித்தார். 2022இல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்திக் கார்பன் வர்த்தகத்துக்கு, அதாவது புகையைக் குறைத்தவர் குறைத்த அளவை மற்றவருக்கு விற்பதற்கு, வழி செய்தார்கள். போபால் விஷவாயுவுக்குப் பிறகு வந்த 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் என்று பக்கவாட்டில் பல இருக்கின்றன. ஆனால் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து, யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்லும் சட்டம் கிடையாது.

இந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு பறவை. ராஜஸ்தான், குஜராத் பாலைநிலங்களில் வாழும் கானமயில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கனமான உடம்பு, முன்பக்கப் பார்வை குறைவு. சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் செத்துவிழுகிறது. அந்தக் கம்பிகளை மண்ணுக்கடியில் புதையுங்கள் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தொட்டது. முடியாத காரியம், சூரிய மின்சாரத் திட்டங்களே நின்றுபோகும் என்று மத்திய அரசு மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 மார்ச் 21 அன்று, எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கு என்று அறியப்படும் இந்த வழக்கில் நீதிமன்றம் பழைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பில்தான், அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆவது பிரிவுகளின்படி, காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். 21 உயிர்வாழும் உரிமை, 14 சமத்துவம். சமத்துவம் எங்கே இதில் வந்தது? பஞ்சமோ தண்ணீர்த் தட்டுப்பாடோ வந்தால் பணக்காரரைவிட ஏழைகள்தான் கூடுதலாக அடிபடுவார்கள், அந்த வேறுபாடே சமத்துவத்துக்கு எதிரானது என்பது தீர்ப்பின் வாதம். இப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, இதற்கென்று ஒருங்கிணைந்த சட்டம் ஏதும் நம்மிடம் இல்லை என்றும் குறிப்பிட்டது.

உரிமை உண்டு, வாசல் இல்லை. இன்றைய நிலைமை அதுதான்.

இந்த வழக்கில் என்னை உறுத்திய இன்னொன்றும் உண்டு. பறவைக்காகப் பேச ஆள் இருந்தது, மின் நிறுவனங்களுக்காகப் பேச ஆள் இருந்தது. அங்கே ஆடு மேய்ப்பவருக்கு? ஜெய்சால்மர் பக்கத்துக் கிராமங்களில் ‘ஓரண்’ என்று ஒரு வகை நிலம் இருக்கிறது. சாமிக்கென்று விட்ட பொது நிலம். மரம் வெட்டக்கூடாது, ஆடும் ஒட்டகமும் மேயலாம். நம் ஊரில் கோயில் காடும் மேய்ச்சல் புறம்போக்கும் சேர்ந்தால் எப்படியோ அப்படி. அரசுப் பதிவேட்டில் இவற்றில் பல தரிசு என்றே எழுதப்பட்டிருப்பதால் சூரியப் பூங்காக்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆட்டுக்காரர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். காலநிலையைக் காப்பாற்றத்தான் அந்தத் திட்டம் வருகிறது, அதற்கு விலை கொடுப்பவர் வாழ்நாளில் கொஞ்சமும் புகைவிடாத ஒரு மேய்ப்பர்.

இரண்டு பக்கச் சுமை

நியாயம் என்று பேசும்போது இந்த இரண்டு சுமைகளையும் பிரித்து வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று, வெப்பம், புயல், கடலரிப்பு என்று காலநிலையே கொண்டுவருவது. மற்றது, காலநிலையைச் சரிசெய்ய நாம் எடுக்கும் நடவடிக்கை கொண்டுவருவது. இரண்டுமே பெரும்பாலும் ஒரே தலையில் போய் விழுகின்றன.

இரண்டாவதற்கு உலகம் அறிந்த உதாரணம் பிரான்ஸ். 2018இல் காலநிலையின் பெயரால் எரிபொருள் வரியை ஏற்றினார்கள். பாரிஸில் மெட்ரோ இருக்கிறது. கிராமப்புறத்தில் ஐம்பது கிலோமீட்டர் வண்டியோட்டி வேலைக்குப் போகிறவருக்கு என்ன இருக்கிறது? மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஜனங்கள் ரவுண்டானாக்களை மறித்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஜனவரியில் வரவிருந்த வரி உயர்வை அரசு கைவிட வேண்டியதாயிற்று. நியாயத்தைப் பார்க்காமல் போட்ட காலநிலை நடவடிக்கை, காலநிலைக்கும் உதவாமல் போனது.

தென்னாப்பிரிக்காவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ம்புமலாங்கா மாகாணம் முழுக்க நிலக்கரி. அங்கே கொமாட்டி என்ற அனல்மின் நிலையம் 1961இல் தொடங்கி 2022 அக்டோபரில் மூடப்பட்டது. பழைய உலை, மூட வேண்டியதுதான். அதை முன்மாதிரியாகச் செய்வோம் என்று உலக வங்கிப் பணமெல்லாம் வந்தது. நிரந்தரத் தொழிலாளர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாறுதல் உத்தரவு ஏது? நிலைய வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவருக்கு? வாடகைக்கு அறை விட்டுப் பிழைத்தவருக்கு? புது வேலைகள் வருவதற்கு முன்பே பழைய வேலைகள் போய்விட்டன. முதலில் மாற்று ஏற்பாடு, பிறகு பூட்டு என்ற வரிசை தலைகீழானது.

நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம். ஒரு தலைமுறை நிலத்தைக் கொடுத்தது, அடுத்த தலைமுறை அங்கேயே ஒப்பந்தக் கூலிக்குப் போனது. என்றைக்காவது ஒரு நாள் அந்தச் சுரங்கமும் மூடப்படும், 2070 இலக்குக்கு வேறு வழியில்லை. அன்றைக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு ஓய்வுக்காலப் பலன் இருக்கும். நிலமும் போய் வேலையும் போன வீட்டுக்கு என்ன என்பதைச் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். இதைத்தான் ‘நியாயமான நிலைமாற்றம்’ என்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 2024 ஜூலையில் நிறைவேற்றிய காலநிலை மாற்றச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதி, தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும் உட்காரும் காலநிலை ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்திருக்கிறது. கொமாட்டி மக்களுக்கு அது தாமதம். மற்ற நிலையங்களைச் சுற்றியிருப்பவர்களுக்காவது பயன்பட வேண்டும்.

குளிர் அலை உண்டு, வெப்ப அலை இல்லை

முதல் சுமைக்கு வருவோம். நியாயம் என்பது பெரிய தத்துவமாக இல்லாமல், ஒரு பட்டியலில் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் போய் நிற்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இயற்கைச் சீற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து பணம் கொடுக்க வேண்டும் என்றால், அந்தச் சீற்றம் மத்திய அரசு அறிவித்த பட்டியலில் இருக்க வேண்டும். புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சுனாமி, தீ, நிலச்சரிவு, பனிச்சரிவு, ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என்று பன்னிரண்டு. குளிரில் உறைந்து செத்தால் நிவாரணம் உண்டு. வெயிலில் சுருண்டு செத்தால்? வெப்ப அலை அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்கள் வேண்டுமானால் தங்கள் நிதியில் 10 சதவீதம்வரை எடுத்து, உள்ளூர்ப் பேரிடர் என்று அறிவித்துச் செலவழிக்கலாம். அந்த வழியைப் பயன்படுத்தி 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய்.

நல்ல முடிவு, சந்தேகமில்லை. ஆனால் உப்பளத்து அக்கா இருக்கும் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவர் செத்தால்தான் பணம். அதுவும் வெயிலால்தான் செத்தார் என்று ஒரு மருத்துவர் எழுதினால்தான். வெப்பம் கொல்லும்போது பெரும்பாலும் மாரடைப்பாகவோ சிறுநீரகம் செயலிழந்ததாகவோதான் சான்றிதழில் பதிவாகும். ஆமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கணக்குதான் 2013இல் நாட்டின் முதல் வெப்பச் செயல்திட்டத்துக்கு வழி செய்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவமனைத் தயார்நிலை எல்லாம் வந்தன, உயிர்கள் காப்பாற்றப்பட்டன. பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் இவையெல்லாம் வழிகாட்டுதல்கள். சிவப்பு எச்சரிக்கை நாளில் மதியம் பன்னிரண்டுக்கு ஆளை வெயிலில் நிறுத்தும் ஒப்பந்ததாரர்மீது அதைக் காட்டி நடவடிக்கை எடுக்க முடியாது. அன்று வேலைக்கு வராதவருக்கு அரைக் கூலி வாங்கித் தரவும் முடியாது.

கூலிதான் விஷயத்தின் மையம். வெளியே வராதீர்கள் என்று அரசு சொல்கிறது. வராவிட்டால் சாயங்காலம் அரிசி வாங்கக் காசு இல்லை. வெப்ப நாளின் கூலி இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாத எச்சரிக்கை, வீட்டில் இருக்க வசதி உள்ளவருக்கான எச்சரிக்கை. குஜராத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் இதற்கு ஒரு காப்பீட்டை முயன்றுபார்த்தது. குறிப்பிட்ட டிகிரியை வெப்பம் தாண்டினால், யாரும் விண்ணப்பிக்காமலேயே உறுப்பினர் கணக்கில் பணம் விழும். சிறு தொகைதான். ஆனால் மருத்துவச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து ஏதும் வேண்டாம், தெர்மாமீட்டரே சாட்சி. ஒரு சங்கம் செய்து காட்டியதை ஒரு சட்டம் நாடு முழுக்கச் செய்ய முடியும்.

கஜாவையும் மறக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்த புயல். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். தோப்புக்காரருக்கு அதுவே போதாது, புதுக் கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோருக்கும் அதே ஆண்டுகள் பிழைப்பு போயிற்று. அவர்கள் பெயரில் மரமும் இல்லை, பட்டாவும் இல்லை. நிவாரணம் பட்டாவைப் பார்த்து வந்தது, உழைப்பைப் பார்த்து வரவில்லை. குத்தகைக்காரர், விவசாயக் கூலி, வீட்டுமனை இல்லாத தலித் குடும்பம், கணவன் பெயரில் மட்டும் எல்லாம் இருக்கும் பெண் ஆகியோர் ஒவ்வொரு பேரிடரிலும் இப்படித்தான் விட்டுப்போகிறார்கள். ஆகவே ‘எளிதில் பாதிக்கப்படுவோர்’ என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால் போதாது. யார் யார் என்று சட்டம் பெயர் சொல்ல வேண்டும். நிலப்பத்திரம் இல்லாதவருக்கும் இழப்பு உண்டு என்று எழுத வேண்டும்.

வாசல் திறந்த இடங்கள்

பக்கத்து நாடான பாகிஸ்தானில் ஒரு விவசாயி செய்ததைப் பாருங்கள். 2012இல் அந்த நாடு ஒரு காலநிலைக் கொள்கையை எழுதியது. எழுதியதோடு சரி. வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் மாறிமாறி அடிக்க, நீங்கள் எழுதிவைத்ததை ஏன் செய்யவில்லை என்று அஸ்கர் லெகாரி என்ற அந்த விவசாயி 2015இல் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இது உயிர்வாழும் உரிமை சம்பந்தப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு துறையிலும் பொறுப்பான அதிகாரியை நியமிக்கச் சொல்லி, கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. 2017இல் அங்கே காலநிலை மாற்றச் சட்டமே வந்துவிட்டது. அதனால் பாகிஸ்தானின் துயரம் தீர்ந்துவிடவில்லை, 2022 வெள்ளத்தை உலகமே பார்த்தது. ஆனாலும் ஒரு கொள்கைத் தாளை ஒரு மனிதர் கேள்வி கேட்க முடிந்தது.

பிலிப்பைன்ஸ் வேறு மாதிரி முயன்றது. 2012இல் ‘மக்கள் பிழைப்பு நிதி’ என்று ஒன்றைச் சட்டம் போட்டே உருவாக்கினார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி பெசோ. உள்ளூராட்சிகளும் மக்கள் அமைப்புகளும் தலைநகரைத் தாண்டி நேராகவே விண்ணப்பிக்கலாம். கேட்க அருமையாக இருக்கிறது. நடந்தது என்ன? விண்ணப்பத்தோடு காலநிலைத் தரவு, தொழில்நுட்ப அறிக்கை என்று கேட்டதால் ஏழை நகராட்சிகளால் அந்தப் படிவத்தையே நிரப்ப முடியவில்லை. பணம் இருந்தும் பல ஆண்டுகளாக விரல்விட்டு எண்ணக்கூடிய திட்டங்களுக்கே போய்ச் சேர்ந்தது. வாசல் வைத்தாயிற்று, படி உயரமாகிவிட்டது. நம் சட்டத்தை எழுதுகிறவர்கள் இந்த ஒரு அனுபவத்தைப் படித்தாலே போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இருக்கிற சட்டங்களையே நாம் நடைமுறைப்படுத்துவதில்லை, இன்னொன்று எதற்கு? வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும் எத்தனை பழங்குடிக் குடும்பங்கள் இன்னும் பட்டாவுக்கு அலைகின்றன? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச் சட்டம் டெல்லியில் இன்னொரு ஆணையத்தையும் இன்னொரு கட்டடத்தையும் மட்டும் உண்டாக்குமானால் அது வேண்டாம். ஆனால் அலைகிற அந்தக் குடும்பம் கையில் வைத்துக்கொண்டு அலைய ஒரு சட்டம் இருக்கிறது என்பதும் உண்மை. கிராம சபை கூடித் தீர்மானம் போடலாம், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். வெப்பத்துக்கும் கடலரிப்புக்கும் அந்த அளவுகூட இல்லை.

தனிநபர் மசோதாக்களாக, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் தாங்களே கொண்டுவரும் மசோதாக்களாக, சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. அஸ்ஸாமைச் சேர்ந்த பிரத்யுத் போர்டோலாய், காலநிலையால் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று 2022இல் மக்களவையில் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆற்றரிப்பில் ஊரே காணாமல் போகும் மாநிலத்துக்காரருக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் தனிநபர் மசோதா கடைசியாகச் சட்டமானது 1970இல். அரசே கொண்டுவந்தால்தான் உண்டு.

அப்படிக் கொண்டுவரும்போது வரைவை யார் படிக்க முடிகிறது என்பதே முதல் சோதனை. ஒரு திட்டம் வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2020இல் அதன் விதிகளுக்கு ஒரு புது வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ஊரடங்கு நேரம் வேறு. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம்வரை போனது. கடற்கரையில், காட்டில், சுரங்கத்தின் விளிம்பில் வாழ்பவரின் வாழ்க்கையை மாற்றும் தாளை அவர் மொழியில் கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மொழி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளில், காலை பதினொரு மணிவாக்கில் நடக்கின்றன. உப்பளத்து அக்கா அதற்கு வர வேண்டுமென்றால் அன்று அளத்துக்குப் போகக்கூடாது. போகாவிட்டால் கூலி கிடையாது, பஸ் செலவும் கைக்காசு. கூட்டத்தை அவர் வேலை முடித்து வரும் சாயங்காலத்தில் அவர் ஊரிலேயே வைக்கலாம். முடியாதென்றால் வந்தவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்கும்படி அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவை எழுதலாம். தேர்தல் வேலைக்கு வருபவருக்குப் படி கொடுக்கும் அரசுக்கு இதற்குப் பணம் இல்லாமல் போகாது.